முக்கால் அங்குலக் குமுட்டி

"நாளைக்கு எங்கம்மா ஸ்டேஷனுக்குப் போயி கையெழுத்துப் போடப் போறாங்க சார். டீச்சரம்மா செத்ததுக்கு நான்தான் காரணம்னு."

சொன்னவள் கலைமதி. தேயிலை ஃபேக்டரியில் பேக்கிங் வேலை. ஷிப்ட் முடிந்த கையோடு வந்திருந்ததால் ஸ்வெட்டர் முழுக்கத் தேயிலைத் தூள். சுகந்தி நீட்டிய டீயை வாங்கியவள் அதைக் குடிக்கவே மறந்துவிட்டாள்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் தேவநேசன். தீயணைப்பு நிலைய அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். எரிந்த இடத்தைப் பார்த்தே எரித்தவரைச் சொல்லிவிடுவார் என்று குன்னூரில் ஒரு பேச்சு உண்டு. அது கொஞ்சம் அதிகப்படி என்றாலும், சிக்கல் என்று வந்தால் ஜனங்கள் அவர் வீட்டுப் படியைத்தான் ஏறுவார்கள். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அதனால் கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருந்த சுகந்தி ஒருநாள் ஸ்கூட்டரோடு உதவிக்கு வந்தாள். வந்தவள் பிறகு போகவே இல்லை. அவர் ஒரு கேள்வி கேட்டு முடிப்பதற்குள் அவள் மனதுக்குள் மூன்று பேரைக் கைது செய்து, இரண்டு பேரை ஜாமீனில் விட்டிருப்பாள்.

"முதல்ல இருந்து சொல்லும்மா," என்றார் தேவநேசன்.

கலைமதியின் அம்மா ஆயம்மாள், ரோஸ்மேரி டீச்சர் பங்களாவில் இருபத்தைந்து வருடமாகச் சமையல் வேலை செய்பவள். டீச்சர் தனி மனுஷி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் மகன் ஜெர்சன் மட்டும் கூட இருக்கிறான். போன திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ஆயம்மாள் வேலைக்குப் போனபோது, சமையலறை மேசை மேல் தலை வைத்தபடி டீச்சர் இறந்து கிடந்தார். கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. நாற்காலிக்குப் பின்னால், கரி போட்டுக் குளிர்காயும் குமுட்டி அடுப்பு. கரிப் புகையில் மூச்சு முட்டிச் செத்தார் என்று டாக்டர் எழுதிவிட்டார்.

உறைபனிக் காலத்தில் இந்த மலையில் அது புதிதல்ல. குளிருக்குக் கரியைப் பற்றவைத்து அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்குவார்கள். நன்றாகக் கனன்ற கரியில் புகை வராது, வாடையும் வராது. வருவது ஆளைக் கொல்லும் வாயு மட்டும். தேவநேசன் தன் பணிக்காலத்தில் அப்படித் தூக்கிய உடல்களை எண்ணுவதை நிறுத்திப் பல வருடமாயிற்று.

"முந்தின நாள் சாயங்காலம் எங்கம்மாதான் அடுப்பைப் பத்த வச்சாங்க. போறப்போ அதை வெளிய எடுத்து வச்சாங்களா இல்லையான்னு அவுங்களுக்கே நெனப்பு வரலைங்க. மறந்துட்டேன், நான்தான் கொன்னுட்டேன்னு அஞ்சு நாளா அழுதுட்டே இருக்காங்க. ஜெர்சன் அண்ணனும் அப்படித்தான் கம்ப்ளைன்ட் குடுத்திருக்காரு." அவள் டீ டம்ளரைக் கீழே வைத்தாள். "எங்கம்மா மறக்கற ஆளு இல்லீங்க சார். ஆனா அவுங்களே ஒத்துக்கறப்போ நான் என்னத்தைச் சொல்றது?"

*

தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டில் ஆயம்மாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வலது உள்ளங்கையில் துணிக்கட்டு. வந்தவர்கள் யார் என்று மகள் சொன்னதும், "எனக்காக யாரும் பேச வேண்டாமுங்க," என்றாள்.

"பேச வரலீங்க. ரெண்டு விஷயம் கேட்டுட்டுப் போயிடறேன்," என்றார் தேவநேசன், கீழே பாயில் உட்கார்ந்தபடி. "தினமும் அடுப்பை எப்படிப் பத்த வைப்பீங்க?"

"பின்னாடித் தாழ்வாரத்துல வச்சுப் பத்த வைப்பேனுங்க. புகை அடங்கிக் கங்கானதும் சமையக்கட்டுக்குள்ள கொண்டாந்து அரை மணி நேரம் வைப்பேன். ரூம் சூடானதும் தூக்கித் தாழ்வாரத்துலயே வச்சுட்டு அஞ்சு மணி பஸ்சுக்குக் கிளம்பிருவேன். அன்னிக்குப் பேத்திக்குக் காய்ச்சல்னு போன் வந்துச்சு. அவசரத்துல கிளம்பினேன். தூக்கி வச்சேனா... எத்தனை யோசிச்சாலும் தெரியலைங்களே."

"எவ்வளவு கரி போடுவீங்க?"

"ரெண்டு கை. டீச்சரம்மா அதுக்கு மேல போட விடமாட்டாங்க. அவுங்க அப்பா இப்படித்தான் போனாராம். அதனால ஊட்டுல ஒரே ஒரு குமுட்டிதான், அதுக்கும் அத்தனை கண்டிசன்."

"கரி எங்க இருக்கும்?"

"கீழ கொட்டகையில. பதினாலு படி இறங்கணும். முட்டி ஆபரேசனுக்கு அப்புறம் டீச்சரம்மா வாக்கர் இல்லாம ரூமைத் தாண்ட மாட்டாங்க. நான்தான் போயி அள்ளிட்டு வருவேன்."

"ராத்திரி அவங்க சீக்கிரம் தூங்கிடுவாங்களா?"

"எட்டு மணிக்கு முட்டி வலி மாத்திரை போடுவாங்க. போட்டதும் மேசை மேலயே ஒரு மணி நேரம் அசந்துருவாங்க. எழுப்பினாலும் எந்திரிக்க மாட்டாங்க. அப்புறமா அவுங்களே எந்திரிச்சுக் கட்டிலுக்குப் போவாங்க. ஊட்டுல எல்லாருக்கும் தெரியும்."

"கையில என்ன கட்டு?"

ஆயம்மாள் அந்தக் கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். "திங்கக்கிழமை காலைல அந்தப் பாழாப்போன அடுப்பை வெளிய தூக்கினேனுங்க. கைப்பிடி சுட்டு, தோலு உரிஞ்சு வந்துருச்சு. ஆண்டவன் உடனே தண்டனை குடுத்துட்டான்."

தேவநேசன் அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்துகொண்டார்.

வெளியே வந்ததும் சுகந்தி பொறுக்கமாட்டாமல் கேட்டாள். "என்ன சார், ஒண்ணுமே சொல்லாம வந்துட்டீங்க? அந்தம்மா மறந்துட்டாங்கன்னே வச்சுக்கிட்டாலும் இது கொலையா?"

"சட்டத்துல அஜாக்கிரதைன்னு பேரு. ஆனா அந்தம்மா மனசுல கொலைதான். கோர்ட்டு அவங்களை விட்டுட்டாலும் அவங்க தன்னை விடமாட்டாங்க. வண்டியை எடு."

*

இன்ஸ்பெக்டர் கருப்புசாமி நல்லவர்தான். ஆனால் கேஸ் தானாக முடிந்துவிட்டால் அதைக் கிளற விரும்பாத நல்லவர். போனில் தேவநேசனுக்கு அனுமதி கொடுத்துவிட்டு, கூடவே சலித்தும்கொண்டார்.

"பாருங்க சார், ஆனா அங்க ஒண்ணும் இல்ல. அந்தப் பையன் ஜெர்சன் ஞாயித்துக்கிழமை மத்தியானம் மூணு மணிக்கே பிக்கட்டிக்குக் கிளம்பிட்டான். ராத்திரி அங்க ஃப்ரெண்டு ஊட்டுல தங்கியிருக்கான். காலைல எட்டு மணிக்குப் பங்களாவுல இருந்து நான்தான் போன் பண்ணிச் சேதி சொன்னேன். அழுதுட்டே, 'சார், அடுப்பு எப்பவுமே உள்ளதான் இருக்கும், அத்தை பொம்மை வீட்டுல கூட வச்சிருக்காங்க பாருங்க'ன்னான். திரும்பிப் பார்த்தா, மேசை மேல பொம்மை வீடு, அதுக்குள்ள குமுட்டி. போட்டோகூட எடுத்து வச்சிருக்கோம். அவன் வந்து சேர ஒம்பதரை ஆயிடுச்சு. நாளைக்குப் பத்து மணிக்கு அந்தம்மா ஸ்டேட்மென்ட். அதுக்குள்ள பார்த்துக்கங்க."

பங்களாவில் ஜெர்சன் மரியாதையாக வரவேற்றான். முப்பத்தைந்து வயது இருக்கும். சவரம் செய்யாத முகம், சிவந்த கண்கள். சுகந்திக்கு அவன் மேல் இரக்கம்தான் வந்தது. வீட்டை வயதான ஆசிரியைகளுக்கான இல்லமாக்கச் சபைக்கு எழுதிவைக்க டீச்சர் முடிவு செய்திருந்ததையும், இந்த வாரம் பத்திரப் பதிவு நடக்கவிருந்ததையும் அவனே சொன்னான்.

"அத்தை ஆசைப்பட்டாங்க. நடக்காமப் போச்சு," என்று தலையைக் குனிந்துகொண்டான்.

சமையலறை மேசையில், சுவரை ஒட்டி இருந்தது பொம்மை வீடு. முன்பக்கம் சுவர் கிடையாது, உள்ளே இருப்பது முழுதும் தெரியும். டீச்சர் செய்து முடித்திருந்தது சமையலறையை மட்டும்தான். அதைப் பார்த்ததும் சுகந்தி வந்த வேலையை மறந்துபோனாள்.

நிஜச் சமையலறையையே யாரோ கழுவிச் சுருக்கியது மாதிரி இருந்தது. தீக்குச்சிகளை இழைத்து ஒட்டிய அலமாரி, பாசிமணியில் அதன் குமிழ்கள். தைல மரக் காய்களைச் சீவி வண்ணம் பூசிய ஊறுகாய் ஜாடிகள். தகரத்தை வெட்டிச் செய்த கேஸ் அடுப்பு. முறத்தில் கொட்டியிருந்தது துளசி விதை, அளவில் அது உளுந்து. அம்மிக்கல்லின் ஓரம் நிஜ அம்மியில் எந்த இடத்தில் உடைந்திருந்ததோ அதே இடத்தில் உடைந்திருந்தது. பக்கத்தில் ஒரு நோட்டு. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெயர், நிஜ அளவு, பொம்மை அளவு. ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்று முதல் பக்கத்திலேயே எழுதி அடிக்கோடிட்டிருந்தார் டீச்சர்.

"இதைப் பாருங்க சார்," ஜெர்சன் உள்ளே கை காட்டினான். நாற்காலிக்குப் பின்னால், நிஜக் குமுட்டி கிடந்த அதே இடத்தில், கறுப்பாக ஒரு பொம்மைக் குமுட்டி. "நிஜத்துல எது எங்க இருக்கோ அதைத்தான் அத்தை வைப்பாங்க. ஆயம்மாக்கா மேல எனக்குக் கோபம் இல்ல. வயசாயிடுச்சு, மறந்துட்டாங்க."

சுகந்தி குனிந்து பார்த்தாள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஆயம்மாள் அடுப்பை உள்ளேயே விட்டுவிடும் வழக்கம் உள்ளவள் என்று, செத்துப்போனவரே செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

தேவநேசன் பையிலிருந்து ஸ்கேலை எடுத்து அந்தக் குமுட்டியை அளந்தார். இரண்டு அங்குலம். இரண்டு விரலால் தூக்கினார், வந்துவிட்டது. அடுத்து ஒரு ஜாடியைத் தொட்டு இழுத்தார், அது வரவில்லை. ஒரு தட்டு, முறம், அம்மி என்று ஒவ்வொன்றாகத் தொட்டார். எதுவும் அசையவில்லை. எல்லாவற்றின் அடியிலும் கடுகளவு மெழுகு வைத்து ஒட்டியிருந்தது.

ஜெர்சனுக்கு யாரோ போன் செய்ய, அவன் முன்னறைக்குப் போனான்.

"சுகந்தி, அந்தப் பக்கம் பிடி. வீட்டைத் திருப்பணும்."

பின்பக்கத்திலும் வேலை நடந்திருந்தது. சின்னதாக ஒரு தாழ்வாரம், துவைக்கும் கல், தென்னங்கீற்று நரம்பில் கட்டிய துடைப்பம், மூலையில் தைல மரக் காயில் செய்த கறுப்பான ஏதோ ஒன்று. தேவநேசன் குனிந்து நெடுநேரம் அதைப் பார்த்தார். பிறகு நோட்டைப் புரட்டினார். முன்னைப் போலவே வீட்டைத் திருப்பி வைத்துவிட்டு, சுவர்க் காலண்டரில் டீச்சர் எழுதியிருந்த ஒரு பெயரைக் காட்டினார். 'ஷைனா, ஊட்டி, கர்ட்டன் துணி.' பக்கத்தில் ஒரு போன் நம்பர்.

"பொம்மை வீடு செய்யறவங்க ஒருத்தருக்கொருத்தர் காட்டிக்காம இருக்க மாட்டாங்க. இந்த ஷைனாகிட்டப் பேசு. டீச்சர் கடைசியா என்ன அனுப்பினாங்கன்னு கேளு," என்றார்.

அன்று சாயங்காலமே சுகந்தியின் போனுக்கு ஒரு படம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஏழு நாற்பதுக்கு ரோஸ்மேரி டீச்சர் அனுப்பியது. பொம்மைச் சமையலறையை நேரே எடுத்த படம். கீழே, 'கிச்சன் முடிஞ்சது. கர்ட்டன் மட்டும் பாக்கி' என்று ஒரு வரி. சுகந்தி படத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். பிறகு ஸ்கூட்டர் சாவியைத் தேடிக்கொண்டு ஓடினாள்.

*

மறுநாள் பத்து மணிக்கு எல்லோரும் ஸ்டேஷனில் இருந்திருக்க வேண்டும். தேவநேசன் கேட்டுக்கொண்டதால் பங்களாவின் சமையலறையில் கூடினார்கள். இன்ஸ்பெக்டர் கருப்புசாமி கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். கதவோரம் ஒரு போலீஸ்காரர். ஜெர்சன் ஜன்னலுக்குப் பக்கத்தில். ஆயம்மாள் உள்ளே வரமாட்டேன் என்று வாசலிலேயே நிற்க, கலைமதி அவள் தோளைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தாள்.

"ஆயம்மா, கையைக் காட்டுங்க," என்றார் தேவநேசன்.

அவள் கட்டை அவிழ்த்தாள். உள்ளங்கையில் குறுக்காக, விரல் அகலத்துக்குத் தோல் வெந்து உரிந்திருந்தது.

"இன்ஸ்பெக்டர், முப்பத்திரண்டு வருஷம் நெருப்போடவே வாழ்ந்தவன் நான். ரெண்டு கைக் கரி ஒரு மணி நேரம் எரியும். மிஞ்சிப் போனா ரெண்டு மணி. ஞாயித்துக்கிழமை நாலு மணிக்குப் பத்த வச்ச அடுப்பு, திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் கல்லு மாதிரிக் குளிர்ந்திருக்கணும். அதைத் தூக்கினவங்க கை எப்படி வெந்துச்சு?"

கருப்புசாமி கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்தினார்.

"ராத்திரி யாரோ அந்த அடுப்புல கழுத்து வரைக்கும் புதுக் கரி போட்டிருக்காங்க. அது விடியற வரைக்கும் கனன்றிருக்கு. டீச்சர் போட்டிருக்க முடியாது. கரி பதினாலு படிக்குக் கீழ இருக்கு, அவங்களால வாக்கர் இல்லாம நடக்கவே முடியாது. ஆயம்மா அஞ்சு மணி பஸ்சுல போயாச்சு. அப்ப மூணாவதா ஒரு ஆள் வந்திருக்கணும்."

"யாராவது திருடன்..." என்று ஆரம்பித்தான் ஜெர்சன்.

"திருடனுக்குப் பொம்மை வீட்டுல என்ன வேலை தம்பி?" தேவநேசன் அந்தப் பொம்மைக் குமுட்டியை எடுத்து மேசை மேல் வைத்தார். "இது ரெண்டு அங்குல உயரம். டீச்சர் கணக்குப்படி நிஜத்துல ரெண்டடி. இந்த ஊட்டுக் குமுட்டி ஒம்பது அங்குலம்தான். அம்மியோட உடைஞ்ச மூலையைக்கூட விடாதவங்க அடுப்பை இப்படிப் பண்ணுவாங்களா? தேர்த் திருவிழாக் கடையில விக்கிற சொப்புச் சாமான் இது. அடியில மெழுகும் இல்ல."

பொம்மை வீட்டை மெல்லத் திருப்பினார்.

"நிஜக் குமுட்டியை டீச்சர் செஞ்சிருக்காங்க. இதோ, பின்னாடித் தாழ்வாரத்துல. தைல மரக் காயைக் குடைஞ்சு, உள்ள சிவப்புக் கடுகு ஒட்டி. நோட்டுல இருக்கு: நிஜம் ஒம்பது அங்குலம், பொம்மை முக்கால் அங்குலம், இடம் தாழ்வாரம். ஒரே ஒரு குமுட்டி இருக்கற ஊட்டுல ரெண்டாவது எதுக்கு? வச்சவனுக்குப் பின்பக்கம் இப்படி ஒண்ணு இருக்கறது தெரியாது. பொம்மை வீட்டோட பின்பக்கம் எப்பவும் சுவரை ஒட்டித்தான் இருந்துச்சு. அத்தை மாசக்கணக்கா உக்காந்து செஞ்சதை ஒரு நாள்கூடத் திருப்பிப் பார்க்காத ஆளு அவன்."

சுகந்தி தன் போனை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினாள்.

"ஞாயித்துக்கிழமை ஏழு நாப்பதுக்கு டீச்சர் அனுப்பின படம் சார். இந்த இடத்துல குமுட்டியே இல்ல. திங்கக்கிழமை காலைல நீங்க எடுத்த போட்டோல இருக்கு."

"ஆக, ராத்திரிதான் வச்சிருக்காங்க," என்றார் தேவநேசன். "அது அங்க இருக்கறது வச்சவனைத் தவிர யாருக்கும் தெரியாது. ஆனா காலைல எட்டு மணிக்கு, பிக்கட்டியில இருந்த ஒருத்தர் உங்ககிட்டப் போன்ல சொல்றாரு, பொம்மை வீட்டுல குமுட்டி இருக்கு பாருங்கன்னு. அவர் மத்தியானம் மூணு மணிக்கே கிளம்பிட்டாராம். அப்ப ராத்திரி எட்டு மணிக்கு மேல திரும்பி வந்துட்டு மறுபடி போயிருக்கணும்."

வெளியே எங்கோ ஒரு பஸ் வளைவில் ஹாரன் அடித்தது.

"அத்தை... அத்தை போன்ல சொன்னாங்க," என்றான் ஜெர்சன்.

"ஞாயித்துக்கிழமை அவங்க போனுக்கும் உன் போனுக்கும் நடுவுல ஒரு கால்கூட இல்ல. கால் லிஸ்ட் என்கிட்ட இருக்கு," என்றார் கருப்புசாமி. அவர் குரல் மாறிவிட்டிருந்தது. தன் மேலேயே அவருக்குக் கோபம்.

ஜெர்சன் ஜன்னல் திண்டில் உட்கார்ந்தான். பிறகு யாரையும் பார்க்காமல் பேசினான். "தூங்கிட்டுத்தான் இருந்தாங்க. வலியே தெரிஞ்சிருக்காது."

சுகந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நேற்று இவனுக்காக இரக்கப்பட்ட தன் கண்ணையே பிடுங்கி எறியலாம் போலிருந்தது. எத்தனையோ கேஸ்களில், குற்றவாளி அகப்படும் நிமிஷம் அவளுக்குத் திருவிழாவாக இருந்திருக்கிறது. இன்றைக்கு எப்போது இந்த அறையை விட்டுப் போவோம் என்றிருந்தது.

ஆயம்மாள் மகளின் கையை விலக்கிவிட்டு ஜெர்சனுக்கு முன்னால் போய் நின்றாள். அம்மா செத்துப்போய்ப் பத்து வயதில் இந்த வீட்டுக்கு வந்தவன் அவன். இதே மேசையில் உட்காரவைத்து அவனுக்கு அவள் சோறு ஊட்டியிருக்கிறாள். அவன் படிக்கும்போது அவன் காலடியில் அதே குமுட்டியைக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள், அரை மணி நேரம் மட்டும்.

"தம்பி," என்றாள். திட்டுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். "பழியை ஏனுங்க என் மேல போட்டீங்க? ராத்திரியில ஒரு ஆளு வந்து போனதா ஏதோ ஒரு கதை சொல்லியிருக்கலாமே. நான் இல்லைன்னு சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க?"

அவன் தலையை நிமிர்த்தவில்லை.

"நீங்க இல்லைன்னு சொல்லமாட்டீங்கன்னு தெரியும் ஆயம்மாக்கா. சின்னதுல நான் எதை உடைச்சாலும், அத்தை கேட்டா, நான்தான் மறந்து கீழ வச்சுட்டேன்னு நீங்கதானே சொல்லுவீங்க."

கலைமதி அவன் மேல் பாய்ந்தாள். சுகந்தி அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஆயம்மாள் அசையவில்லை. அவன் சொன்னது சரிதான் என்பது போல மெல்லத் தலையை ஆட்டினாள். சொல்லத்தான் சொன்னாள், அவளுக்கு அதெல்லாம் நினைவிருந்தது.

போலீஸ்காரர் அவனை வெளியே கூட்டிப் போனார். ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. "அம்மா, நீங்க அடுப்பை வெளிய எடுத்து வச்சுட்டுத்தான் போயிருக்கீங்க," என்றார் தேவநேசன் தாழ்ந்த குரலில். "டீச்சர் ஏழு நாப்பதுக்குப் படம் அனுப்பற அளவுக்கு நல்லா இருந்ததே அதுக்குச் சாட்சி. நீங்க மறக்கலை." அவள் அதைக் கேட்டாளா என்றே தெரியவில்லை.

டீச்சர் உட்கார்ந்திருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு தரையில் சரிந்து உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். லயன் வீட்டில் கேட்ட அழுகை அல்ல அது. இத்தனை நாளாகத் தன் குற்றத்தை மட்டுமே அழுதுகொண்டிருந்தவளுக்கு, டீச்சரம்மா செத்துப்போன துக்கம் இப்போதுதான் வந்து சேர்ந்தது. டீச்சரம்மா, டீச்சரம்மா என்று அவள் கூப்பிட்டு அழுததை யாரும் தடுக்கவில்லை. கருப்புசாமி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அவள் அழுது முடிக்கும்வரை வாசலில் நின்றார்.